நிறப்பார்வைக் குறைபாடு உள்ள விமானிக்கு இரவில் மட்டும் ஏன் தடை?

கேட்டவர் எழுதியதன் சாரம் இது. வயது 19. விமானி ஆக வேண்டும் என்பது பள்ளி நாட்களிலிருந்தே உள்ள ஆசை. முதல் மருத்துவப் பரிசோதனையில், வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் மறைந்திருக்கும் புத்தகத்தில் பல பக்கங்களைத் தவறாகப் படித்துவிட்டார். ‘பகலில் மட்டும் பறக்கலாம்’ என்ற நிபந்தனையோடு சான்றிதழ் கைக்கு வந்திருக்கிறது. “சாலை சிக்னலில் சிவப்பும் பச்சையும் எனக்குக் குழம்பியதே இல்லை. இன்றைய விமானத்தில் கருவிகளே பெரும்பாலான வேலையைச் செய்துவிடுகின்றன. அப்படியிருக்க இரவில் மட்டும் எனக்கு ஏன் தடை? இதை நீக்க வழி உண்டா? வண்ணக் கண்ணாடியோ சிவப்பு கான்டாக்ட் லென்ஸோ உதவுமா?” என்று கேட்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இது விதியைப் பற்றிய கேள்வி. உள்ளே இருப்பது வேறு: புள்ளிப் படத்தில் 8 என்ற எண் தெரியாமல் போனதற்கும், இருட்டில் ஒரு விமானத்தைப் பத்திரமாக இறக்குவதற்கும் என்ன தொடர்பு? நியாயமான கேள்வி. தொடர்பு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் புத்தகம் காட்டும் அளவுக்கு நேரடியாக இல்லை.

நான் கண் மருத்துவர். விமானிகளுக்கும் விமானி ஆக விரும்புகிறவர்களுக்கும் பார்வைப் பரிசோதனை செய்வது பல ஆண்டுகளாக என் வேலையின் ஒரு பகுதி. எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. இரவில் விமானி அறையிலிருந்து எது எப்படித் தெரியும் என்பதைப் பின்னிருக்கையில் உட்கார்ந்து பார்த்தும், சிமுலேட்டரில் பார்த்தும், பறப்பவர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டேன். உங்கள் கண்ணை நான் பரிசோதிக்கவில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நிறத்தைக் காண நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் இருக்கின்றன. அவை ஏறக்குறைய 560, 530, 420 நானோமீட்டர் அலைநீள ஒளிக்கு மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. முதல் இரண்டுக்குமான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து உள்ளன. ஆண்களுக்கு அந்தக் குரோமோசோம் ஒன்றுதான். அதனால்தான் இந்தக் குறைபாடு ஆண்களிடம் அதிகம்: ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம், பெண்களில் அரை சதவீதம் அளவில். முதல் வகைக் கூம்பு இல்லாமலோ திரிந்தோ இருந்தால் புரோட்டான் வகை என்கிறோம்; இரண்டாம் வகையில் கோளாறு என்றால் டியூட்டான் வகை. கூம்பு அடியோடு இல்லாத நிலை ஒன்று, இருந்தும் அதன் உணர்திறன் இடம் மாறியிருக்கும் நிலை இன்னொன்று. இந்த இரண்டாவது நிலைதான் மிகப் பலருக்கு. அதிலும் லேசானது முதல் கடுமையானது வரை ஒரு நீண்ட சரிவு இருக்கிறது. ஒரு முனையில் இருப்பவர் தனக்குக் குறை இருப்பதையே பரிசோதனை வரை அறியமாட்டார். மறு முனையில் இருப்பவர் பழுத்த பழத்தையும் காயையும் தொட்டுப் பார்த்துத்தான் சொல்வார். இருவருக்கும் அந்தப் புத்தகம் ஒரே முடிவைத்தான் தருகிறது. உங்கள் வழக்கின் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

இனி இரவுக்கு வருவோம். ‘இருட்டில் யாருக்குமே நிறம் தெரியாதே, அப்புறம் என்ன வித்தியாசம்?’ என்று சிலர் கேட்பதுண்டு. மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்வது கோல் செல்கள், அவற்றுக்கு நிறம் தெரியாது என்பது சரியே. நிலவொளியில் தரையும் மரமும் எல்லோருக்கும் சாம்பல்தான். ஆனால் விமானி இரவில் நம்பியிருப்பது தரையை அல்ல, விளக்குகளை. விளக்கு என்பது கருமையின் நடுவே ஒரு பிரகாசமான புள்ளி. அந்தப் புள்ளியைக் கூம்பு செல்கள்தான் படிக்கின்றன. பகலில் ஓடுபாதையின் வடிவம், பக்கத்துக் கட்டடம், நிழல், தொடுவானம் என்று நிறத்துக்குத் துணையாக ஆயிரம் தடயங்கள் கிடைக்கும். இரவில் அத்தனையும் கழன்றுபோய் ஒரு புள்ளியும் அதன் நிறமும் மட்டுமே மிஞ்சுகின்றன. அதோடு, பார்க்கும் பொருள் சிறுத்துப் புள்ளியாகும்போது இயல்பான கண்ணுக்கே நிறம் பிரித்தறியும் திறன் குறைகிறது. குறைபாடுள்ள கண்ணுக்கு இழப்பு இன்னும் அதிகம்.

அந்தப் புள்ளிகள் என்னென்ன சொல்கின்றன என்று பாருங்கள். ஓடுபாதையின் தொடக்கத்தில் பச்சை, முடிவில் சிவப்பு, ஓரங்களில் வெள்ளை. கருவி வழியில் இறங்குவதற்கான ஓடுபாதைகளில் கடைசி 600 மீட்டருக்கு ஓர விளக்குகள் மஞ்சளாகும். நடுக்கோட்டு விளக்குகள் உள்ள பாதையில், முடிவுக்கு 900 மீட்டர் இருக்கும்போது வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி வரும், கடைசி 300 மீட்டர் முழுச் சிவப்பு. தரையில் ஊர்ந்து செல்லும் பாதைகளின் ஓரம் நீலம், நடுக்கோடு பச்சை, நிற்க வேண்டிய இடத்தில் குறுக்கே சிவப்பு வரிசை. எதிரே வரும் விமானத்தின் இடது இறக்கையில் சிவப்பு, வலது இறக்கையில் பச்சை, வாலில் வெள்ளை. வால் விளக்கின் வெள்ளை மட்டும் தெரிந்தால் அது உங்களைவிட்டு விலகிப் போகிறது. சிவப்பு உங்களுக்கு வலப்பக்கமும் பச்சை இடப்பக்கமும் சேர்ந்து தெரிந்தால் உங்களை நோக்கி வருகிறது. ரேடியோ செயலிழந்தால் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஒளித் துப்பாக்கியால் சைகை காட்டுவார்கள்: பறப்பவருக்கு நிலையான பச்சை என்றால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் மற்றவருக்கு வழிவிட்டு வட்டமிட்டுக்கொண்டிரு, விட்டு விட்டு எரியும் சிவப்பு என்றால் விமான நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதே.

இந்தப் பட்டியலைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். இதில் பெரும்பகுதிக்கு நிறம் தவிர வேறு தடயமும் உண்டு. ஓர விளக்குகள் இரு இணை வரிசைகளாக நிற்கின்றன, தொடக்க விளக்குகள் குறுக்கே நிற்கின்றன, நிறுத்தக் கோட்டுக்கு அருகே எழுத்துப் பலகை இருக்கிறது. வரும் விமானம் கண்ணாடியில் ஒரே இடத்தில் நின்று பெரிதாகிக்கொண்டே போனால், அதன் விளக்கு எந்த நிறமாக இருந்தாலும் மோதும் பாதையில்தான் வருகிறது என்று எந்தப் பயிற்றுநரும் சொல்வார். நிறம் ஒன்றையே நம்பி, வேறு துணை எதுவும் இல்லாமல், சில விநாடிகளில் முடிவெடுக்க வேண்டிய இடம் முக்கியமாக ஒன்றுதான். விமானிகள் அதைப் பாப்பி என்பார்கள்.

பாப்பி என்பது ஓடுபாதையின் பக்கவாட்டில், வழக்கமாக இடது புறத்தில், ஒரே வரிசையில் வைக்கப்பட்ட நான்கு விளக்குகள். ஒவ்வொன்றும் மேல்பாதியில் வெள்ளையும் கீழ்பாதியில் சிவப்பும் வீசும். நான்கும் சற்றே வெவ்வேறு கோணத்தில் சாய்ந்திருக்கும். சுமார் 3 டிகிரி சரிவில் சரியாக இறங்கிக்கொண்டிருந்தால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. சற்று தாழ்ந்தால் மூன்று சிவப்பு. நான்கும் சிவப்பானால் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டீர்கள். நான்கும் வெள்ளை என்றால் மிக உயரத்தில் இருக்கிறீர்கள். இப்போது கவனியுங்கள்: நான்கு விளக்குகளும் ஒரே உயரத்தில், ஒரே அளவில், ஒரே வடிவில் இருக்கின்றன. எத்தனை சிவப்பு, எத்தனை வெள்ளை என்ற கணக்கைத் தவிர அவை வேறெதுவும் சொல்வதில்லை. சாலை சிக்னலில் நீங்கள் தவறாததற்குக் காரணம் சிவப்பு மேலே, பச்சை கீழே என்ற இட ஒழுங்கு. அது உங்களுக்குத் தெரியாமலே உதவிக்கொண்டிருக்கிறது. அந்த உதவி பாப்பியில் கிடையாது. தூரத்திலிருந்து மூடுபனியோ தூசியோ ஊடாகப் பார்த்தால் வெள்ளை விளக்கின் நீலப்பகுதி சிதறிப்போய் அது மஞ்சளாகத் தெரியும். மஞ்சளையும் சிவப்பையும் பிரிப்பதுதான் சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ள கண்ணுக்குக் கடினமான வேலை.

பாப்பி மிகவும் தேவைப்படுவதும் இரவில்தான். ஓடுபாதைக்கு முன்னால் காடோ கடலோ இருந்து ஒரு விளக்கும் இல்லாமல் கறுத்துக் கிடந்தால், உண்மையில் இருப்பதைவிட உயரத்தில் இருப்பதாக விமானிக்குத் தோன்றும். தெரியாமலே விமானத்தைத் தாழ்த்திக்கொண்டு போவார். அனுபவசாலிகளும் இதில் ஏமாறுகிறார்கள். அந்த மயக்கத்தைத் திருத்துவதற்காகவே அந்த நான்கு விளக்குகள் அங்கே இருக்கின்றன.

இரண்டு வகைக் குறைபாட்டுக்கும் நடைமுறை வேறுபாடு உண்டு. புரோட்டான் வகையினருக்குச் சிவப்பு நிறம் மாறித் தெரிவதோடு மங்கியும் தெரியும். எனவே தொலைவிலுள்ள சிவப்பு விளக்கு அவர்களுக்குத் தாமதமாகவே கண்ணில் படும். கோபுரத்தின் மேல் எரியும் எச்சரிக்கை விளக்கு விஷயத்தில் இது உண்மையான குறை. டியூட்டான் வகையினருக்குப் பிரகாசம் கிட்டத்தட்ட இயல்பாகவே தெரியும். பச்சையையும் வெள்ளையையும், மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிச் சொல்வதுதான் அவர்கள் சிக்கல். எந்த வகை என்று உங்கள் சான்றிதழில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் எழுதியிருக்காது.

கருவிகள் இருக்கின்றனவே என்ற உங்கள் வாதத்தில் வலு இருக்கிறது. ஐஎல்எஸ் போன்ற, ரேடியோ அலைகளால் ஓடுபாதைக்கு வழிகாட்டும் கருவி, சரிவில் மேலே இருக்கிறீர்களா கீழே இருக்கிறீர்களா என்பதை முள்ளின் இடத்தால் காட்டுகிறது, நிறம் வேண்டியதில்லை. ஓடுபாதைக்கு எத்தனை கடல் மைல் என்று தெரிந்தால், மைலுக்கு 300 அடி என்ற கணக்கில் உயரத்தைச் சரிபார்க்கலாம். மோதல் தவிர்ப்புக் கருவியின் திரையில்கூட ஆபத்தான விமானம் சிவப்புச் சதுரம், கவனிக்க வேண்டியது மஞ்சள் வட்டம், மற்றவை சாய்சதுரம் என்று வடிவமும் சேர்ந்தே பேசுகிறது. ஆனால் எல்லா ஓடுபாதையிலும் ஐஎல்எஸ் இல்லை, எல்லா நாளும் அது வேலை செய்வதும் இல்லை. வானிலை ரேடாரின் பச்சை, மஞ்சள், சிவப்பு, கருஞ்சிவப்புப் பட்டைகளை நிறத்தைக் கொண்டே படிக்க வேண்டியிருக்கிறது. மருத்துவச் சான்றிதழ் தருபவர் எல்லாம் சரியாக வேலை செய்யும் இரவை மட்டும் எண்ணிக் கையெழுத்துப் போட முடியாது.

இதைப் பேசும்போதெல்லாம் எடுத்துக்காட்டப்படும் விபத்து ஒன்று உண்டு. 2002 ஜூலை 26 அன்று விடிவதற்கு முன், அமெரிக்காவின் டல்லஹாசி விமான நிலையத்தில் இறங்க வந்த பெடெக்ஸ் சரக்கு விமானம் 1478, ஒரு போயிங் 727, ஓடுபாதைக்கு முன்பே மரங்களில் மோதி விழுந்து எரிந்தது. மூன்று பணியாளர்களும் படுகாயத்தோடு உயிர் பிழைத்தார்கள். இறுதிக் கட்டத்தில் பாப்பி, விமானம் மிகவும் தாழ்ந்திருப்பதைக் காட்டிக்கொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவர் துணை விமானி. அவருக்குக் கடுமையான டியூட்டான் வகைக் குறைபாடு. அது முன்பே தெரிந்து, விதிவிலக்குப் பெற்றுத்தான் பறந்துகொண்டிருந்தார். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், இரவில் சரியான இறங்குசரிவைப் பேணத் தவறியதை முதன்மைக் காரணமாகச் சொன்னது. களைப்பு, குழுவாகச் செயல்படுவதில் குறை ஆகியவற்றோடு துணை விமானியின் நிறப்பார்வைக் குறைபாட்டையும் பங்களித்த காரணமாகச் சேர்த்தது. தடையை ஆதரிப்பவர்கள் இந்தக் கடைசி வரியை மேற்கோள் காட்டுவார்கள். எதிர்ப்பவர்கள், அதே அறையில் இருந்த தலைமை விமானியும் விமானப் பொறியாளரும்கூடச் சிவப்பைப் பார்த்துக் குரல் கொடுக்கவில்லையே என்பார்கள். இரண்டும் உண்மை. ஒரே விபத்திலிருந்து இதற்கு மேல் முடிவுகட்டுவது முறையல்ல என்பது என் கருத்து.

எதிர்ப்பக்கத்துக்கு வலுவான சான்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கே நிறக்குறைபாடு உள்ள மருத்துவரும் விமானியுமான ஆர்தர் பேப், 1987-இல் நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் இந்தத் தடையை எதிர்த்து வழக்காடினார். 1989-இல் டெனிசன் என்ற விமானியின் வழக்கில் அதே தீர்ப்பாயம் சான்றுகளை நீண்ட நாள் அலசி, இரவுத் தடைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. அதன் பிறகு அந்நாட்டில் நிறக்குறைபாடு உள்ளவர்கள் பலர் இரவிலும், பயணிகள் விமானங்களிலும் பறந்திருக்கிறார்கள். அவர்கள் வரிசையாக விபத்தில் சிக்கியதாகப் பதிவு எதுவும் இல்லை. அதே வேளையில், அவர்களில் எத்தனை பேர் லேசானவர்கள், எத்தனை பேர் கடுமையானவர்கள் என்று பிரித்துப் பார்க்காமல், கடுமையான குறைபாடும் ஆபத்தில்லை என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது.

உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்து வைக்கிறேன். கடுமையான குறைபாடு உள்ளவர் புள்ளி விளக்கின் நிறத்தைத் தவறாகச் சொல்கிறார் என்பது உறுதி. ஆய்வகத்தில் எத்தனை முறை செய்தாலும் அதுவே வருகிறது. லேசான குறைபாடு உள்ளவரில் கணிசமான பகுதியினர் அதே விளக்குகளை இயல்பான கண்ணுள்ளவரைப் போலவே சொல்லிவிடுகிறார்கள் என்பதும் உறுதி. ஆய்வகத்தில் வரும் அந்தத் தவறு நிஜ வானத்தில் எத்தனை விபத்தாக மாறும் என்பதில்தான் துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு. நான் நிற்கும் இடம் இது: தடை வேண்டும், ஆனால் அளந்து பார்த்து விதிக்க வேண்டும். புள்ளிப் படத்தோடு நிறுத்திக்கொண்டு ஒரு இளைஞரின் வாழ்க்கையைத் தீர்மானிப்பதை நான் ஏற்கவில்லை.

விதியும் அப்படிச் சொல்லவில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிமுறை, பாதுகாப்பாகப் பறக்கத் தேவையான நிறங்களை எளிதில் அறிய வேண்டும் என்கிறது. முதலில் புள்ளிப் படத் தேர்வு. அதில் தேறாதவர், வான்வழியில் பயன்படும் நிறங்களைப் பிரித்தறிந்து விமான விளக்குகளின் நிறத்தைச் சரியாகச் சொல்ல முடிந்தால் தகுதியானவராகவே கொள்ளப்படலாம். அதிலும் தேறாதவர்தான் தகுதியற்றவர்; அவருக்கும் தனியார் விமானிக்கான இரண்டாம் வகுப்புச் சான்றிதழைப் பகலில் மட்டும் என்ற நிபந்தனையோடு தரலாம். ‘பகலில் மட்டும்’ என்ற சொற்கள் வரும் இடம் இதுதான். வணிக விமானிக்கு வேண்டிய முதல் வகுப்பில் இந்தச் சலுகை கிடையாது. ஐரோப்பிய விதிகளும் இதே வழியில் போகின்றன. அமெரிக்காவில் நீண்ட காலம் ‘இரவுப் பறத்தலுக்கோ வண்ணச் சைகைக் கட்டுப்பாட்டுக்கோ செல்லாது’ என்று சான்றிதழில் எழுதிவந்தார்கள். 2025 ஜனவரி 1 முதல் அங்கே புதிய விண்ணப்பதாரர்களுக்குக் கணினிவழி நிறப்பார்வைச் சோதனை கட்டாயம். ஏற்கப்பட்ட சோதனைகளில் ஒன்றில் தேறினால் போதும். எந்த நாட்டில் உரிமம் பெறப்போகிறீர்களோ அந்த நாட்டு ஆணையத்தின் இன்றைய விதியையே படியுங்கள். மன்றங்களில் சுற்றும் பழைய அறிவுரைகளில் பாதி காலாவதியானவை.

சோதனைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வழி இங்கேதான் திறக்கும் அல்லது மூடும். உங்களுக்குக் காட்டியது ஜப்பானியக் கண் மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட தட்டுகள். முதல் தட்டில் உள்ள 12 எல்லோருக்கும் தெரியும். வந்தவர் ஒத்துழைக்கிறாரா, விதி புரிந்ததா என்று பார்க்க அது. இரண்டாவதில் இயல்பான கண் 8 என்று படிக்கும், சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ளவர் 3 என்பார். தட்டை சுமார் 75 சென்டிமீட்டர் தூரத்தில், பகல் வெளிச்சத்துக்கு நிகரான விளக்கில் பிடித்து, மூன்று விநாடிக்குள் பதில் கேட்க வேண்டும். என் மேசைக்கு முன்னால் உட்காரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். 12 என்று உரக்கச் சொல்வார்கள். அடுத்த தட்டு வந்ததும் குரல் தாழும், தலை ஒரு பக்கம் சாயும், விரல் தானாகத் தட்டை நோக்கி நீளும், கோட்டைத் தடவிப் பார்க்க. தொட விடுவதில்லை, விரல் பட்டால் மை மங்கிவிடும். சாதாரண மஞ்சள் பல்பின் கீழ், வெளிறிப்போன பழைய புத்தகத்தை வைத்துச் செய்யப்படும் சோதனைகளும் நடக்கின்றன. அவற்றின் முடிவை நான் ஒப்புக்கொள்வதில்லை. உங்களுக்கு எந்த வெளிச்சத்தில் செய்தார்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

இஷிஹாரா மிகக் கூர்மையான வடிகட்டி. லேசான குறையையும் பிடித்துவிடும், ஆனால் அளவைச் சொல்லாது. அளவுக்கு வேறு கருவிகள் உண்டு. நாகெல் அனோமலோஸ்கோப்பில், வட்டத்தின் ஒரு பாதியில் உள்ள மஞ்சளுக்கு ஈடாக மறு பாதியில் சிவப்பையும் பச்சையையும் கலந்து காட்ட வேண்டும்; எந்தக் கலவையை ஒருவர் ஈடு என்று ஏற்கிறார் என்பதிலிருந்து வகையும் கடுமையும் தெரிந்துவிடும். லாந்தர் சோதனையில் இருட்டறையில் சிறு துளைகள் வழியே சிவப்பு, பச்சை, வெள்ளை ஒளிகளைக் காட்டி, நிறத்தைச் சொல்லச் சொல்வார்கள். உண்மையான விமான விளக்குக்கு நெருக்கமானது என்பதால் எனக்கு அதன் மேல் மதிப்பு உண்டு. ஆனால் ஊகித்துத் தப்பிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது முன்னணியில் இருப்பது லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில், பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஆதரவோடு உருவான கேட் என்ற கணினிச் சோதனை. திரையில் வெளிச்சம் துடித்துக்கொண்டே இருக்கும் சாம்பல் பின்னணியின் மேல், நிறத்தால் மட்டுமே வேறுபடும் ஒரு சிறு சதுரம் மூலைவிட்டமாக நகரும். எந்த மூலைக்குப் போனது என்று பொத்தானை அழுத்த வேண்டும். பின்னணி துடிப்பதால் பிரகாசத்தை வைத்து ஏமாற்ற முடியாது. மனப்பாடம் செய்யவும் எதுவும் இல்லை. இயல்பான இளம் கண்ணின் சராசரி வரம்பு 1 அலகு. டியூட்டான் வகையினர் 6 அலகு வரையிலும், புரோட்டான் வகையினர் 12 அலகு வரையிலும், பாப்பி விளக்குகளை இயல்பானவர்களுக்குச் சமமாகப் படித்தார்கள் என்பது அந்த ஆய்வின் முடிவு. புரோட்டான்களுக்கு வரம்பு ஏன் கூடுதல் என்று வியக்கலாம்: சிவப்பு அவர்களுக்கு மங்கித் தெரிவதே, அதை வெள்ளையிலிருந்து பிரிக்க ஒரு துணைத் தடயமாகிவிடுகிறது என்பது விளக்கம். இந்த வரம்புகளின்படி, நிறக்குறைபாடு உள்ளவர்களில் ஏறத்தாழ 35 சதவீதம் பேர் முழுத் தகுதி பெறுகிறார்கள். பழைய முறையில் இவர்களில் பெரும்பாலோர் இஷிஹாராவிலேயே நின்றிருப்பார்கள். மூன்றில் ஒருவர் என்பது சிறிய எண்ணிக்கை அல்ல. மூன்றில் இருவர் தேறமாட்டார்கள் என்பதையும் உங்களுக்கு மறைக்க மாட்டேன்.

வண்ணக் கண்ணாடி, ஒற்றைக் கண்ணுக்குச் சிவப்பு கான்டாக்ட் லென்ஸ் ஆகியவற்றைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவை சில அலைநீளங்களை வடிகட்டி, இரண்டு நிறங்களுக்கு இடையே பிரகாச வேறுபாட்டை உண்டாக்குகின்றன. இல்லாத கூம்பைத் தருவதில்லை. புள்ளிப் படத்தை அவற்றால் படித்துவிடலாம். ஆனால் ஒரு ஜோடியைப் பிரித்துக் காட்டும்போது இன்னொரு ஜோடியைக் குழப்பும், இரவில் கண்ணுக்கு வரும் கொஞ்ச ஒளியையும் குறைக்கும். அமெரிக்க ஆணையம் உட்படப் பல அமைப்புகள் சோதனையின்போது இவற்றை அனுமதிப்பதில்லை. தட்டுகளை வரிசையாக மனப்பாடம் செய்து வருகிறவர்களும் உண்டு. அப்படி வாங்கிய சான்றிதழோடு ஒருநாள் மூடுபனியில் நான்கு விளக்குகளை எண்ண வேண்டிவரும். அப்போது பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த விஷயம் தெரியாது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். மரபணு சிகிச்சை 2009-இல் அணில் குரங்குகளில் பலன் தந்ததாக ஆய்வு வெளிவந்தது. மனிதருக்கு அது இன்னும் சிகிச்சையாக வரவில்லை.

பிறவியிலேயே வந்த குறைபாடு வாழ்நாள் முழுவதும் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. எனவே இன்று அளந்த அளவை நம்பித் திட்டமிடலாம். ஒரு கண்ணில் மட்டும் நிறம் வெளிறித் தெரிந்தாலோ, முன்பு சரியாக இருந்து பின்னால் மாறினாலோ அது வேறு கதை: பார்வை நரம்பு அழற்சி, கண் அழுத்த நோய், காசநோய்க்குத் தரும் எத்தாம்புட்டால் போன்ற மருந்து ஆகியவை காரணமாகலாம். அப்போது உரிமத்தை விட்டுவிட்டு முதலில் மருத்துவரிடம் போங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பயிற்சிப் பள்ளிக்கு ஒரு தவணை கட்டுவதற்கும் முன்னால், அனோமலோஸ்கோப்போ கேட் சோதனையோ உள்ள ஒரு கண் மருத்துவமனையைத் தேடி, அதிகாரப்பூர்வமற்ற முறையில் உங்கள் குறைபாட்டை அளந்துகொள்ளுங்கள். வகை என்ன, அளவு எத்தனை என்று எழுத்தில் வாங்குங்கள். அதிகாரப்பூர்வமான மேல்சோதனைக்கு அதன் பிறகே விண்ணப்பியுங்கள். சில நாடுகளில் ஒரு சோதனையில் தோற்றது பதிவில் நிலைத்துவிடும், மறுவாய்ப்பு கிடைக்காது. அளவு வரம்புக்குள் வந்தால் நிபந்தனையை நீக்கக் கோரலாம், விமான நிறுவன வேலைக்கான வழியும் திறக்கும். நிறுவனங்கள் தாமாகக் கூடுதல் தகுதி கேட்பது உண்டு என்பதால், சேர விரும்பும் நிறுவனத்தின் மருத்துவ விதியையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வரம்புக்கு வெளியே நின்றால், வணிக விமானி என்ற திட்டத்தில் மேற்கொண்டு பணத்தைக் கொட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன். விமானக் கட்டுப்பாட்டு அதிகாரி வேலையை மாற்றாக நினைக்கிறவர்கள், அதற்கும் நிறப்பார்வை தேவை என்பதைக் கவனிக்கவும்.

அப்படியே ஆனாலும் பகலில் பறக்கும் உரிமம் உங்களுக்கு இருக்கிறது. அதில் ‘இரவு’ எப்போது தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பன்னாட்டு வரையறையில் மாலைச் சந்திப்பொழுது முடிவதிலிருந்து, அதாவது சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 டிகிரி இறங்கியதிலிருந்து, காலைச் சந்திப்பொழுது தொடங்கும் வரை இரவு. நாடுகள் வேறு நேரத்தையும் வகுக்கலாம். எதிர்க்காற்றோ காத்திருப்போ உங்களைத் தாமதப்படுத்தினாலும் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடும் அளவுக்கு நேரத்தை மிச்சம் வைத்துப் புறப்படுங்கள். அளந்து பார்த்தபின் அந்த வகையையும் எண்ணையும் இங்கே எழுதினால், எந்த நாட்டின் எந்தச் சோதனைக்கு முதலில் போவது நல்லது என்று இதைவிடத் திட்டவட்டமாகச் சொல்கிறேன்.